“சும்மா காட்டினேன், சுடலையே!” – தற்காப்புச் சட்டம் எதை ஏற்கும், எதை ஏற்காது?



கட்டுரைத் தாள்களைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு காட்சி உண்டு. கதாநாயகனை நான்கு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். அவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டுகிறான். எதிரிகள் ஓடிவிடுகிறார்கள். “தற்காப்புக்காகத்தான் அவன் அப்படிச் செய்தான், எனவே அவன்மீது தவறில்லை” என்று கட்டுரை முடிகிறது. திரைப்படத்தில் இது கைதட்டல் வாங்கும். ஆனால் மார்சிலிங் புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இதே காட்சி நடந்தால் என்ன ஆகும்? அந்த முடிவு வரியைச் சட்டம் ஏற்குமா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, வாய்மொழித் தேர்விலும் கருத்து விளக்கக் கட்டுரையிலும் பகடிவதை, பாதுகாப்பு, குற்றத்தடுப்பு போன்ற தலைப்புகள் வரும்போது “தற்காப்பு” என்ற சொல்லை மாணவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அதன் எல்லை எதுவென்று தெரிவதில்லை. இன்னொன்று, தேர்வைவிடப் பெரியது. பயந்துபோன ஒரு பிள்ளை “எதுக்கும் இருக்கட்டும்” என்று பையில் ஒரு கத்தியைப் போட்டுக்கொள்கிறான் என்றால், அவனைக் காப்பாற்றும் என்று அவன் நம்புகிற பொருளே அவனைச் சிறைக்கு அனுப்பக்கூடும். இதை நாம தெரிஞ்சுக்கணும், பிள்ளைகளுக்கும் சொல்லணும்.

இது பொது விளக்கம் மட்டுமே. உண்மையான வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைத்தான் நாட வேண்டும்.

1. ஒரே வேர், பல கிளைகள்

தற்காப்பு உரிமை பற்றிய சட்டம் தமிழர் வாழும் பல நாடுகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் வரைந்த வரைவு, பின்னர் 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆனது. அதை அடியொற்றி நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871-இல் தண்டனைச் சட்டம் வந்தது. அதுதான் இன்றைய சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தின் அடித்தளம். இலங்கைக்கு 1883-இல் வந்தது. மலேசியாவின் சட்டமும் இதே குடும்பம்தான்.

இந்தியாவில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றிப் பேசின. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக மாறியுள்ளன. சிங்கப்பூரில் இன்றும் 96-ஆம் பிரிவில்தான் தற்காப்பு தொடங்குகிறது. 2019-இல் நிறைவேறிய குற்றவியல் சட்டச் சீர்திருத்தம் அந்தப் பிரிவுகளைச் செப்பனிட்டது. அது 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது.

அடிப்படை விதி எளிமையானது. தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்யப்படும் எதுவும் குற்றமாகாது. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும், சொத்தையும் காக்கலாம். “அடி வாங்கிக்கிட்டு நிக்கணும்” என்று சட்டம் யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்த உரிமைக்கு வேலி இருக்கிறது.

2. நான்கு கேள்விகள்

தற்காப்பு என்று யாராவது சொன்னால், நீதிமன்றம் கேட்கக்கூடிய கேள்விகளை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள ஏதுவாக நான்காகத் தொகுக்கலாம்.

முதல் கேள்வி: உண்மையில் ஒரு குற்றம் உங்களை நோக்கி வந்ததா? வசைச் சொல்லோ முறைத்த பார்வையோ போதாது. உடலுக்கோ சொத்துக்கோ எதிரான குற்றம் நடக்க வேண்டும், அல்லது நடக்கப்போவதற்கான அடையாளம் வேண்டும்.

இரண்டாம் கேள்வி: காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்ததா? நியாயமான வாய்ப்பு இருந்தும் அதை நாடாமல் தானே களத்தில் இறங்கினால் உரிமை இல்லை.

மூன்றாம் கேள்வி: உங்கள் அச்சம் நியாயமானதா? அந்த இடத்தில், அந்த நேரத்தில், உங்களுக்குத் தெரிந்த நிலவரத்தை வைத்துப் பார்த்தால் அப்படிப் பயப்பட இடம் இருந்ததா என்பதே அளவுகோல். அடி விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் தொடங்கும்போது உரிமை தொடங்குகிறது, அச்சம் முடியும்போது உரிமையும் முடிகிறது.

நான்காம் கேள்வி: செய்தது தேவையான அளவுக்குள் இருந்ததா? தள்ளிவிட்டவனைக் கத்தியால் குத்துவது தற்காப்பு ஆகாது. எதிராளியின் உயிரைப் போக்கும் அளவுக்கு உரிமை நீள்வது, மரணம், கொடுங்காயம், பாலியல் வன்தாக்குதல், கடத்தல் போன்ற கடும் ஆபத்துகளில் மட்டுமே.

நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளத் தொடங்கி, அளவு மீறிக் கொலையில் முடிந்தால் என்ன ஆகும்? அது கொலைக்குற்றத்திலிருந்து ஒரு படி குறைந்து, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகலாம். விடுதலை கிடைக்காது, தண்டனை குறையலாம், அவ்வளவுதான். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூரில் தற்காப்பு என்று சொல்பவரே அதை நிறுவ வேண்டும். ஐயமே இல்லாத அளவுக்கு நிறுவ வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

3. “காட்டுவது” மட்டும் குற்றமா?

இப்போ தலைப்புக்கு வருவோம். “நான் யாரையும் தொடவே இல்லை. சும்மா காட்டினேன்” என்று ஒருவர் சொல்கிறார். காயம் இல்லை, இரத்தம் இல்லை. அப்புறம் எங்கே குற்றம்?

தண்டனைச் சட்டத்தின் 351-ஆம் பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. தன்மேல் வன்முறை பாயப்போகிறது என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி ஒரு சைகையோ ஆயத்தமோ செய்தாலே அது “தாக்க முனைதல்” என்ற குற்றம். அந்தப் பிரிவு தரும் எடுத்துக்காட்டுகள் வகுப்பறைக்கு மிகவும் பொருத்தமானவை: ஒருவர் முகத்துக்கு நேரே முட்டியை ஆட்டுவது, கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவது, “உன்னை அடிப்பேன்” என்று சொல்லிக்கொண்டே தடியைக் கையில் எடுப்பது. வெறும் சொல் தாக்க முனைதல் ஆகாது. ஆனால் அந்தச் சொல், கையில் இருக்கும் தடிக்குப் பொருள் கொடுத்துவிடுகிறது.

அதற்கு மேல் 503, 506-ஆம் பிரிவுகள் இருக்கின்றன. ஒருவரை அச்சுறுத்தவோ, அவர் செய்ய விரும்பாததைச் செய்யவைக்கவோ மிரட்டினால் அது குற்றமுறு மிரட்டல். சிங்கப்பூரில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை. மிரட்டல் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ என்றால் 10 ஆண்டு வரை நீளலாம்.

அப்படியானால் ஆயுதத்தைக் காட்டி எச்சரிப்பது எப்போதுமே குற்றமா? இல்லை. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அடிப்பதற்கே உரிமை இருக்கிற நேரத்தில், அடிக்காமல் தடியைத் தூக்கிக் காட்டி எதிரியை நிறுத்துவது அதைவிடக் குறைந்த தீங்கு. தேவையான அளவுக்குள் நிற்கும் செயல் அது. எனவே அடிக்க உரிமை உள்ள இடத்தில் காட்டவும் இடம் உண்டு. அடிக்க உரிமை இல்லாத இடத்தில், காட்டுவதே குற்றம். காட்டியது துப்பாக்கியா, பாராங்கத்தியா, துடைப்பக் கட்டையா என்பது இந்தக் கேள்விக்கு அடுத்ததுதான்.

ஆனால் ஆயுதம் என்று வரும்போது இன்னொரு தனிக் கேள்வியும் எழும்: “அது உன் கைக்கு எப்படி வந்தது?” தற்காப்பு என்ற பதில் அந்த ஒரு நிமிடத்தை விளக்கலாம். அதற்கு முந்தைய மூன்று நாளும் அது பையில் இருந்ததை விளக்காது.

4. இந்திய உச்ச நீதிமன்றத்தில் இரண்டு துப்பாக்கிகள்

ஒரே சட்டம் இரண்டு வழக்குகளில் எப்படி இரு வேறு முடிவுகளைத் தந்தது என்று பாருங்கள். இரண்டும் பஞ்சாப் மாநில வழக்குகள், இரண்டும் நிலத் தகராறுகள்.

தர்ஷன் சிங் வழக்கில் 2010 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. நடந்தது 1991-இல். வயலில் மூண்ட தகராறில் எதிர்த்தரப்புக்காரர் தர்ஷன் சிங்கின் தந்தையைக் கூரிய ஆயுதத்தால் தாக்கினார். மகன் தன் துப்பாக்கியால் சுட்டார், தாக்கியவர் இறந்தார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. தற்காப்பு பற்றிய கொள்கைகளைப் பத்து அம்சங்களாக அந்தத் தீர்ப்பு தொகுத்துத் தந்தது. ஆபத்தின் நடுவில் நிற்பவர் தன் பதிலடியைத் தராசில் வைத்துத் துல்லியமாக நிறுத்துப் பார்க்க முடியாது என்பது அதன் சாரங்களில் ஒன்று. ஆனால் தாக்கும் நோக்கத்தோடு வந்தவருக்கும், பழிதீர்க்க நினைத்தவருக்கும் அந்த உரிமை கேடயமாகாது என்பதும் அதே கொள்கையின் மறுபக்கம்.

ஜெய் தேவ் வழக்கு 1960-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கேயும் வயல், அங்கேயும் கூட்டம், அங்கேயும் துப்பாக்கி. முதலில் ஆபத்து இருந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிர்த்தரப்பினர் ஓடத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் தொலைவில் இருந்தவர்களை நோக்கிக் குண்டுகள் பறந்தன. ஆபத்து ஓடிப்போன பிறகு உரிமையும் ஓடிவிட்டது என்பதே தீர்ப்பின் கருத்து. தற்காப்பு உரிமை காப்பதற்காகத் தரப்பட்டது, தண்டிப்பதற்காக அல்ல.

முதல் வழக்கில் துப்பாக்கி வெடித்தபோது ஆபத்து உயிரோடு இருந்தது. இரண்டாவதில் ஆபத்து முதுகைக் காட்டிவிட்டது. மாணவர்களிடம் இந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்னால், “அச்சம் முடியும்போது உரிமை முடியும்” என்ற விதி மனத்தில் பதிந்துவிடும்.

இந்தியாவில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் கட்டுப்பாடு கூடிவருகிறது. ஆயுதச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தின்படி, திருமணத்திலோ திருவிழாவிலோ மகிழ்ச்சிக்காகக் கண்மூடித்தனமாகச் சுட்டாலே 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமம் என்பது வைத்திருக்கத்தான். வீரம் காட்ட அல்ல.

5. சிங்கப்பூர்: கதவு ஏறக்குறைய மூடியே இருக்கிறது

சிங்கப்பூரில் நிலைமை இன்னும் கடுமை. 1970-களின் தொடக்கத்தில் துப்பாக்கி ஏந்திய கொள்ளைகள் மக்களை அச்சுறுத்தின. அதற்குப் பதிலாக 1973-இல் ஆயுதக் குற்றங்கள் சட்டம் வந்தது. அதன் படிநிலையை இப்படிச் சுருக்கலாம்.

சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி.

கொள்ளை போன்ற பட்டியலிடப்பட்ட குற்றத்தைச் செய்யும்போது துப்பாக்கியைச் சட்டவிரோதமாகக் கொண்டிருந்தால் ஆயுள் சிறை, குறைந்தது 6 பிரம்படி. அதைச் சுட வேண்டும் என்ற அவசியமே இல்லை.

காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலோ சுட முயன்றாலோ மரண தண்டனை. குண்டு யார்மேலும் படாவிட்டாலும் இதே தண்டனைதான். சுட்டவருக்கு அந்த நோக்கம் இருந்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு.

இதில் “பயன்படுத்துதல்” என்பது குண்டை வெளியேறச் செய்வதைக் குறிக்கிறது. ஆகவே “காட்டினேன், சுடலை” என்ற வாதம் ஒருவரைத் தூக்குமேடையின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பலாம். சிறை வாசலிலிருந்து திருப்பி அனுப்பாது.

இதற்கு நம் கண்முன் நடந்த எடுத்துக்காட்டு உண்டு. 2021 ஏப்ரலில் ஜூரோங்கில் உள்ள ஓர் உரிமம் பெற்ற கடன் நிறுவனத்துக்குள் பணியில் இருந்த துணைக் காவல் அதிகாரி ஒருவர் நுழைந்தார். பணிக்காகக் கொடுக்கப்பட்ட சுழல்துப்பாக்கியைக் காட்டிப் பணத்தை எடுத்துச் சென்றார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அவர் விரைவில் பிடிபட்டார். துப்பாக்கி அவர் கைக்குச் சட்டப்படிதான் வந்தது; ஆனால் கொள்ளைக்காக அதை எடுத்த நொடியில் அந்தச் சட்டப் பாதுகாப்பு உதிர்ந்துவிட்டது.

தற்காப்பு வாதம் எங்கே உடையும் என்பதற்கு இன்னொரு வழக்கைப் பார்ப்போம். 2006 பிப்ரவரியில் சிராங்கூன் அவென்யூ 4-இல் ஒரு வீட்டுக்குள் தான் சோர் ஜின் துப்பாக்கியோடு புகுந்தார். வீட்டில் இருந்தவர்களைக் கட்டிப்போட்டார். குடும்பத் தலைவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு மலேசியாவுக்குத் தப்பிச் சென்று அங்கே பிடிபட்டார். விசாரணையில் தனக்குத் தானே வாதாடிய அவர், இறந்தவர் நாற்காலியைத் தூக்கியதால்தான் அப்படி நடந்தது என்றார். மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் சுபாஸ் ஆனந்தன். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் தற்காப்பு உரிமைக்கான நிபந்தனைகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்து, வாதத்தை ஏற்க மறுத்தது. 2009 ஜனவரி 9-ஆம் தேதி தண்டனை நிறைவேற்றப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். துப்பாக்கியோடு வீடு புகுந்தவர் முன்னால் வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கினால், தற்காப்பு உரிமை யாருக்கு? வீட்டுக்காரருக்குத்தான். வம்பைத் தொடங்கியவர் பிறகு “எனக்குப் பயமாக இருந்தது” என்று சொல்லித் தப்ப முடியாது.

மார்சிலிங் வாசிகளுக்கு இன்னொரு செய்தி. பாலத்தைத் தாண்டினால் ஜோகூர். அங்கே 1971-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, குற்றம் செய்யும்போது துப்பாக்கியைக் காட்டி அச்சுறுத்துவதற்கும் போலித் துப்பாக்கி வைத்திருப்பதற்கும் தனியாகவே தண்டனை வகுத்திருக்கிறது. எல்லையின் இரு பக்கமும் “காட்டினேன்” என்பது சிறிய சொல் அல்ல.

6. வேறு நாட்டில் வேறு விடை

மாணவர்கள் இணையத்தில் பார்க்கும் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே பல மாநிலங்களில் சட்டம் வேறு. அரிசோனா மாநிலம் 2009-இல் “தற்காப்புக்காகத் துப்பாக்கியைக் காட்டுதல்” என்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கியது. நியாயமான அச்சம் இருந்தால், தன்னிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொல்வதும், அது தெரியும்படி ஆடையை விலக்குவதும், அதன்மேல் கை வைப்பதும் அங்கே நியாயப்படுத்தப்படலாம். வேண்டுமென்றே சண்டையைத் தூண்டியவருக்கு அங்கேயும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஃபுளோரிடாவில் நடந்தது இன்னும் சிந்திக்கவைக்கும். கணவரின் வன்முறைக்கு அஞ்சியதாகச் சொன்ன ஒரு பெண் 2010-இல் எச்சரிக்கையாக ஒரு முறை சுட்டார். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் 2012-இல் அவருக்கு 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உண்மையிலேயே சுட்டுக் கொன்றிருந்தால் தற்காப்பு என்று விடுதலை கிடைத்திருக்குமோ, எச்சரித்ததற்கு 20 ஆண்டா என்று நாடெங்கும் விவாதம் எழுந்தது. மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவானது. 2015 ஜனவரியில் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். இதற்கிடையே 2014-இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. வன்முறையைப் பயன்படுத்த உரிமை உள்ள இடத்தில், பயன்படுத்துவதாக அச்சுறுத்தவும் உரிமை உண்டு என்று அந்தத் திருத்தம் தெளிவாக்கியது.

நாம் மூன்றாம் பகுதியில் பார்த்த அதே தர்க்கம்தான் இது. வேறுபாடு என்னவென்றால், அங்கே சாதாரணக் குடிமகன் கையில் துப்பாக்கி இருப்பது பெரும்பாலும் சட்டப்படியானது. இங்கே அப்படியல்ல. ஆகவே அமெரிக்கக் காணொளியில் கேட்டதை சிங்கப்பூர்க் கட்டுரையில் எழுதினால் வாதம் கால் இடறிவிடும்.

7. வகுப்பில் பேச மூன்று சூழல்கள்

கீழே உள்ளவை கற்பனைச் சூழல்கள். முதலில் மாணவர்களைப் பேசவிடுங்கள். பிறகு நான்கு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

சூழல் அ: மார்சிலிங்கில் ஒரு வீட்டின் முன் சட்டவிரோதக் கடன்காரரின் ஆள் வந்து கத்துகிறான், இரும்புக் கதவை உதைக்கிறான். அப்பா பாராங்கத்தியை எடுத்து வந்து, “இன்னொரு தடவை உதைச்சா வெட்டிடுவேன்” என்கிறார்.

இங்கே கதவு பூட்டியிருக்கிறது, கைத்தொலைபேசி கையில் இருக்கிறது. காவல்துறையை அழைக்க நேரம் உண்டு. கத்துவதற்குப் பதில் வெட்டு என்பது அளவும் அல்ல. அப்பாவின் கோபம் நமக்குப் புரிகிறது; சட்டம் அதை மிரட்டலாகப் பார்க்க இடம் இருக்கிறது. அதே ஆள் கதவை உடைத்துக் கத்தியோடு உள்ளே பாய்ந்தால் நான்கு கேள்விகளுக்கும் விடை மாறிவிடும். நிலைமை மாறினால் உரிமையும் மாறும் என்பதை மாணவர்கள் இங்கே கண்டுபிடிக்கட்டும்.

சூழல் ஆ: உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு பையனைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் மூன்று பேர் வழிமறித்துத் தள்ளுகிறார்கள். அவன் பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டுகிறான். அவர்கள் பின்வாங்குகிறார்கள். அவன் துரத்திக்கொண்டு ஓடுகிறான்.

இதை மூன்று துண்டாக வெட்டிப் பார்க்கணும். கத்தியை எடுத்த நொடி: மூவருக்கு ஒருவன் என்ற நிலையில் அச்சம் நியாயம் என்று வாதிட இடம் உண்டு, தள்ளியதற்குக் கத்தி என்பது அளவா என்ற கேள்வி நிற்கும். துரத்திய நொடி: எதிரிகள் ஓடிவிட்டார்கள், ஜெய் தேவ் வழக்கின் விதி பாயும். கத்தியைப் பையில் கொண்டு திரிந்த நாள்கள்: இது தனிக் குற்றம். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சட்டபூர்வமான காரணமின்றிப் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. வயது குறைந்தவர்களைச் சட்டம் வேறு நடைமுறையில் கையாளும் என்றாலும், குற்றம் குற்றம்தான்.

சூழல் இ: துப்பாக்கி வடிவத்தில் உள்ள சிகரெட் லைட்டர் ஒன்றை ஒரு மாணவி ஜோகூர் பாருவிலிருந்து வாங்கி வருகிறாள். தன்னைத் தொடர்ந்து கேலி செய்பவனை நோக்கி அதை நீட்டி, “சுட்டுடுவேன்” என்கிறாள். அவன் நடுங்கிப்போகிறான்.

“பொம்மைதானே!” என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் துப்பாக்கி வடிவ லைட்டரை சிங்கப்பூருக்குள் கொண்டுவரவே தடை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிலேயே அது சிக்கல். அதற்கு மேல், தாக்க முனைதல் என்ற குற்றத்தில் பார்க்கப்படுவது, எதிரில் இருந்தவர் வன்முறை வரப்போகிறது என்று அஞ்சும்படி செய்தாளா என்பது. அந்தப் பையன் அது பொம்மை என்று அறியான். கேலி செய்தது தவறுதான். அதற்குப் பதிலாக உயிர்ப் பயத்தைக் காட்டுவது அளவு அல்ல.

தேசிய சேவைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல். சுடும் பயிற்சி முடிந்ததும் தோட்டாவோ வெற்று உறையோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதிகூற வேண்டும். அதை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். “ஞாபகத்துக்கு ஒண்ணு” என்று எடுத்துவந்த ஒரு தோட்டாகூட நாம் மேலே பார்த்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

8. சொற்களில் கவனம்

கட்டுரையில் மதிப்பெண் போவது பல நேரம் கருத்தில் அல்ல, சொல்லில்தான். இந்த இணைகளை வேறுபடுத்திப் பழகுங்கள்.

தற்காப்பு – பழிவாங்கல்: முன்னது ஆபத்து இருக்கும்போது நடப்பது; பின்னது ஆபத்து போன பிறகு நடப்பது.

எச்சரிக்கை – மிரட்டல்: “கிட்ட வராதே!” என்பது எதிரியை நிறுத்தப் பார்க்கிறது. “பணத்தைக் கொடு, இல்லைன்னா…” என்பது எதிரியைப் பணியவைக்கப் பார்க்கிறது.

அச்சம் – கோபம்: இரண்டிலும் கை நடுங்கும். சட்டம் தற்காப்பில் ஏற்பது அச்சத்தை.

ஆயுதம் – கருவி: ஓவிய வகுப்புக்குக் கொண்டுவந்த வெட்டுக்கத்தி கருவி. யாரையோ நினைத்துக் கொண்டுவந்தால் அதே கத்தி ஆயுதம்.

கருத்து விளக்கக் கட்டுரை எழுதும்போது “தற்காப்பு சரி” என்றோ “தவறு” என்றோ ஒரே வரியில் தீர்ப்பு எழுதாதீர்கள். உரிமையை முதல் பத்தியில் ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த பத்தியில் அதன் எல்லையைக் காட்டுங்கள். மூன்றாவதில் ஓர் எடுத்துக்காட்டைக் கொடுத்து, நிலைமை மாறும்போது விடை எப்படி மாறுகிறது என்று சொல்லுங்கள். வாய்மொழித் தேர்விலும் இதே வரிசை கைகொடுக்கும்.

9. பயந்த பிள்ளைக்கு என்ன சொல்வது?

சட்டத்தின் இரண்டாம் கேள்வி, “உதவியை நாட நேரம் இருந்ததா?” என்பது. இதைச் சட்டத்தின் கடுமை என்று பார்க்காமல், பிள்ளைகளுக்கான வழிகாட்டுதலாகவும் பார்க்கலாம். ஓட முடிந்தால் ஓடுவது கோழைத்தனம் அல்ல. 999-ஐ அழைக்கலாம், பேச முடியாத நிலையில் 70999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். தொடர்ந்து மிரட்டல் வந்தால், 2014-ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அவை ஆயுதத்தைவிட வலுவான சான்று.

ஆசிரியர்களே, ஒரு மாணவர் பையில் கத்தி இருக்கிறது என்று தெரியவந்தால், பள்ளியின் விதிமுறைப்படி உடனே நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் “ஏன்டா கொண்டுவந்த?” என்று அதட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். “யாருக்குப் பயப்படுற?” என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால், ஒரு வழக்கு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடலாம்.

மாணவர்களே, உங்களைக் காத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்த உரிமை உங்கள் கையில் இருக்கும் பொருளைப் பார்த்து வருவதில்லை, உங்கள் முன்னால் இருக்கும் ஆபத்தைப் பார்த்தே வருகிறது. அடுத்த கட்டுரையில் உங்கள் கதாநாயகன் துப்பாக்கியை எடுப்பதற்கு முன், அவனிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கதையும் சரியாகும், மதிப்பெண்ணும் கூடும்.